ஹாலுக்குத் திரும்பி வந்த கணினி

டிவியோடு இணைத்து ஹாலில் உட்கார்ந்து விளையாடும் கணினி ஏதோ நேற்று வந்த சமாச்சாரம் என்று பலரும் நினைக்கிறார்கள். இல்லவே இல்லை. நம் நாட்டில் அது 1980-களிலேயே கடைக்கு வந்துவிட்டது. டெசிபெல்ஸ் எலெக்ட்ரானிக்ஸ் என்ற நிறுவனம், இங்கிலாந்தின் சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம்+ கணினியை உரிமம் பெற்று 'டிபி ஸ்பெக்ட்ரம்+' என்ற பெயரில் இந்தியாவில் விற்றது. 48 கே.பி. நினைவகம், 3.5 மெகாஹெர்ட்ஸ் வேகம். கீபோர்டுக்குள்ளேயே மொத்தக் கணினியும் அடக்கம். மானிட்டர் தனியாக வேண்டாம், வீட்டு டிவியில் செருகினால் போதும். விளையாட்டு, ஆடியோ கேசட்டில் வரும். டேப் ரெக்கார்டரை இணைத்துத்தான் ஏற்ற வேண்டும்.

அதில் ஒரு விசேஷம் உண்டு. உள்ளே விசிறி கிடையாது. கேசட் ஏறும்போது கீச் கீச்சென்று ஓர் இரைச்சல் வரும். ஏறி முடிந்ததும் கப்சிப்.

சின்னது, சத்தம் போடாதது, ஹாலில் வைத்து விளையாடுவது. இன்றைக்கு நாம் எதைத் தேடிக் கடை கடையாக ஏறி இறங்குகிறோமோ, அது மூன்றும் அந்தப் பெட்டியில் இருந்தது. நடுவில் அது எப்படித் தொலைந்தது? எப்படித் திரும்பக் கிடைத்தது? இந்தக் கதை தெரிந்தால் பாகங்களைத் தேர்ந்தெடுப்பது பாதி முடிந்த மாதிரி என்பது என் கட்சி. அதனால்தான் 'எந்த கிராபிக்ஸ் கார்டு வாங்கலாம்?' என்று தனி மடலில் கேட்ட நண்பர்களுக்கு, ஒரு சரித்திரப் பதிவாகவே பதில் எழுதுகிறேன்.

முன்னெச்சரிக்கை: நான் எஞ்சினியர் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் குப்பை கொட்டுபவன். எதையும் வரவு செலவாகத்தான் பார்க்கத் தெரியும். நல்ல வேளையாக இந்த விஷயத்துக்கு அதுவே போதும்.

ஏன் ஹால்?

வங்கி வேலை என்றால் மாற்றல். இப்போது மைசூர் (மைசூரு என்றுதான் சொல்ல வேண்டும், 2014-லிருந்து அதுதான் அதிகாரப்பூர்வப் பெயர், வாய் கேட்க மாட்டேன் என்கிறது). பையன் பத்தாவது. பள்ளியில் கன்னடம் படிக்கிறான். நண்பர்களோடு கன்னடமும் ஆங்கிலமும் கலந்து வெளுத்து வாங்குகிறான். நல்லதுதான். பிழைக்க வந்த ஊரோடு ஒட்டி வாழத்தான் வேண்டும்.

ஆனால் அவனுக்குத் தமிழ் எங்கிருந்து கிடைக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். பள்ளியில் இல்லை. தெருவில் இல்லை. யூடியூபில்கூட இல்லை. எங்கள் வீட்டு ஹால் ஒன்றுதான் மிச்சம். அவன் பாட்டி, அதாவது என் அம்மா, நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு "என்னய்யா சாப்பிட்ட? இன்னைக்கு வாத்தியார் என்ன சொன்னாரு?" என்று கேட்பதும், தங்கமணி அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பதும், அவன் பதிலுக்கு முணுமுணுப்பதும்தான் அவனுடைய தமிழ்ப் பள்ளிக்கூடம். துபாயிலோ சிங்கப்பூரிலோ டொராண்டோவிலோ இதைப் படிக்கிறவர்கள் வீட்டிலும் நிலவரம் இதுவாகத்தான் இருக்கும்.

விளையாட்டுக் கணினியை அவன் அறைக்குள் வைத்தால் கதவு சாத்திக்கொள்ளும், காதில் ஹெட்ஃபோன் ஏறும், மேற்படி பள்ளிக்கூடம் இழுத்து மூடப்படும். எனவே ஹாலில்தான் வைக்க வேண்டும். ஹாலில் வைத்தால் அது சத்தம் போடக் கூடாது. அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். பின்னணியில் 'ஊ' என்று ஓர் இரைச்சல் ஓடிக்கொண்டிருந்தால் பேச்சு புரியாது. இரண்டு தடவை "என்னப்பா?" என்று கேட்பார். மூன்றாவது தடவை கேட்க மாட்டார், பேசாமல் இருந்துவிடுவார்.

இன்னொன்றும் இருக்கிறது. சென்னையிலோ மதுரையிலோ சீலிங் ஃபேன் வருடம் முழுக்க ஓடும். கணினியின் சத்தத்தை அது விழுங்கிவிடும். மைசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 770 மீட்டர் உயரம். மார்கழி, தை இரவுகளில் ஃபேனே போடுவதில்லை. அந்த அமைதியில் ஓர் எட்டு சென்டிமீட்டர் விசிறி சுற்றினால்கூட யாரோ மூக்கடைப்போடு தூங்குகிற மாதிரி கேட்கும். குளிர் நாடுகளில் ஜன்னலை அடைத்துக்கொண்டு வாழ்கிறவர்களுக்கு இது நன்றாகப் புரியும்.

ஊரும் விளையாட்டும்

இந்த ஊருக்கும் வீட்டுக்குள் விளையாடும் விளையாட்டுக்கும் பழைய பந்தம் உண்டு என்பதைச் சொல்லாமல் போனால் மைசூர்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். மும்மடி கிருஷ்ணராஜ உடையார் (1794–1868) ஒரு பெரிய விளையாட்டுப் பைத்தியம். 1831-இல் வெள்ளைக்காரர்கள் அவரிடமிருந்து ஆட்சியைப் பறித்துக்கொண்ட பிறகு கலை, ஓவியம், நூல் தொகுப்பு, விளையாட்டு என்று காலத்தைச் செலவிட்டார். கஞ்சீஃபா என்கிற வட்டச் சீட்டில் புதுப் புது வகைகளை வகுத்தார். அவற்றில் சிலவற்றுக்கு முந்நூறுக்கும் மேலே சீட்டுகள். சதுரங்கக் குதிரையை 64 கட்டத்திலும் ஒரே ஒரு முறை மிதிக்கவைக்கும் புதிருக்கும் விடைகள் போட்டு வைத்தார். அவர் பெயரில் வந்த ஸ்ரீதத்வநிதியில் 'கௌதுக நிதி' என்று விளையாட்டுக்காகவே ஒரு பகுதி இருக்கிறது.

அந்த விளையாட்டெல்லாம் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து, பேச்சும் சிரிப்புமாக ஆடியவை. பலகை சத்தம் போடாது. விளையாட்டுக்கும் பேச்சுக்கும் சண்டை வந்தது மின்சாரம் வந்த பிறகுதான்.

குளிரூட்டிய அறையில் குடியிருந்த சாமி

இந்தியாவில் கணினி முதலில் வீட்டுக்கு வரவில்லை, அலுவலகத்துக்குத்தான் வந்தது. எங்கள் துறையில் அதற்கு வழி திறந்தது, 1983-இல் அமைக்கப்பட்ட ரங்கராஜன் குழு. பின்னாளில் ரிசர்வ் வங்கி கவர்னரான அதே சி. ரங்கராஜன்தான். 1984-இல் அறிக்கை வந்தது. கிளைகளில் லெட்ஜர் பதிவு இயந்திரங்கள் நுழைந்தன. அதே 1984 நவம்பரில் ராஜீவ் காந்தி அரசு புதிய கணினிக் கொள்கையை அறிவித்தது.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது சீனியர்கள் கதை கதையாகச் சொல்வார்கள். கணினிக்கென்று தனி அறை, அதற்கு மட்டும் ஏ.சி., வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மேனேஜர் அறையில் ஃபேன்தான். சாமிக்குக் குளிரூட்டி, பூசாரிக்கு விசிறி!

சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். கணினி எவ்வளவு இரைந்தாலும் யாரும் கவலைப்படவில்லை என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. அதற்குத் தனி அறை இருந்தது, கதவு இருந்தது. கணினியை வடிவமைத்தவர்களுக்குச் சத்தம் ஒரு செலவாகவே தெரியவில்லை. பேரேட்டில் ஏறாத செலவை யார் குறைப்பார்கள்?

சத்தம் எப்படி வந்தது?

இப்போது அந்த வரவு செலவு. ஒரு கணினிக்குள் 100 வாட் மின்சாரம் போனால் கிட்டத்தட்ட 100 வாட்டும் வெப்பமாக வெளியே வந்தாக வேண்டும். பற்று எவ்வளவோ வரவு அவ்வளவு. இந்தக் கணக்கில் தில்லுமுல்லுக்கு இடமில்லை. வெப்பத்தைக் காற்று தூக்கிக்கொண்டு போக வேண்டும். காற்றை விசிறி தள்ள வேண்டும். விசிறி வேகமாகச் சுற்றினால் சத்தம். ஆக, சத்தம் என்பது வெப்பத்துக்கு நாம் கட்டும் வட்டி.

1981-இல் வந்த ஐ.பி.எம். பி.சி.யின் பவர் சப்ளை மொத்தமே 63.5 வாட்தான். பிராசஸருக்கு விசிறி கிடையாது, அலுமினிய வில்லைகூடக் கிடையாது. 386 காலம் வரை இதுதான் நிலைமை. 1993-இல் முதல் பென்டியம் வந்தது. அது சுமார் 15 வாட் குடித்தது. இன்றைக்குக் கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் அதன் தலையில்தான் விசிறி உட்கார்ந்தது. ஒருமுறை உட்கார்ந்த விசிறி பிறகு எழுந்திருக்கவே இல்லை.

அதற்குப் பிறகு நடந்தது ஓட்டப் பந்தயம். 2004 பிப்ரவரியில் இன்டெல் வெளியிட்ட 'பிரெஸ்காட்' பென்டியம் 4 வரிசையில், மேல் தட்டு மாடல்கள் 115 வாட்டைத் தொட்டன. பதினோரு வருடத்தில் ஏழு மடங்குக்கு மேல். கிராபிக்ஸ் கார்டு சும்மா இருக்குமா? 2003-இல் என்விடியாவின் ஜிஃபோர்ஸ் எஃப்.எக்ஸ். 5800 அல்ட்ரா கடைக்கு வந்தபோது அதன் இரைச்சலைக் கேட்டு 'தூசு உறிஞ்சும் இயந்திரம்' என்று ஊரே கேலி செய்தது. கடைசியில் அந்த நிறுவனமே அதைக் கிண்டல் செய்து ஒரு வீடியோ எடுத்தது. தோட்டத்துச் சருகை ஊதித் தள்ளும் கருவியில் அந்தக் கார்டைப் பொருத்தியிருப்பார்கள்!

இதே வருடங்களில்தான் நம் நடுத்தர வர்க்கத்து வீடுகளுக்குக் கணினி வந்தது. 1997-இல் இந்தியா உலக வர்த்தக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் சேர்ந்தது. கணினிப் பாகங்களின் சுங்க வரி படிப்படியாக இறங்கி, 2005-க்குள் பெரும்பாலானவற்றுக்குப் பூஜ்ஜியமானது. சென்னை ரிச்சி தெரு, பெங்களூர் எஸ்.பி. ரோடு, டெல்லி நேரு பிளேஸ் எல்லாம் களை கட்டின. 'அசெம்பிள்ட் பி.சி.' பிறந்தது. கேபினெட்டோடு ஓர் எஸ்.எம்.பி.எஸ். 'சேர்த்தே' வரும். அதில் ஒரு மலிவு விசிறி, பிராசஸர் மேல் இன்னொன்று, கிராபிக்ஸ் கார்டில் மூன்றாவது, போதாததற்குக் கடகடவென்று ஒரு ஹார்டு டிஸ்க்.

இந்தக் கச்சேரியை ஹாலில் வைத்துக்கொண்டு யார் சீரியல் பார்ப்பது? ஸ்பெக்ட்ரமும், பிறகு வந்த கார்ட்ரிட்ஜ் வீடியோ கேமும் டிவி பக்கத்திலேயே இருந்தன. இரண்டிலும் விசிறி இல்லை. பி.சி. மட்டும் படுக்கையறை மூலைக்கு, 'கம்ப்யூட்டர் டேபிள்' என்ற விநோத மரச்சாமானுக்குப் போனது. மானிட்டர், இணைய இணைப்பு, படிப்பு என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் அது ஹாலுக்குத் திரும்ப முடியாமல் போனதில் இரைச்சலுக்குப் பெரும் பங்கு உண்டு.

கணக்கு திரும்பியது எப்போது?

2001-இல் இரண்டு விஷயங்கள் நடந்தன. இரண்டும் தைவானில். வியா நிறுவனம் 'மினி-ஐ.டி.எக்ஸ்' என்ற மதர்போர்டு அளவை அறிவித்தது. 17 செ.மீ.க்கு 17 செ.மீ., அவ்வளவுதான். வழக்கமான ஏ.டி.எக்ஸ். போர்டு (1995) 30.5-க்கு 24.4. பரப்பில் பார்த்தால் ஐந்தில் இரண்டு பங்கு. அதே வருடம் ஷட்டில் நிறுவனம் எஸ்.வி.24 என்ற அலுமினியக் குட்டிக் கணினியை விற்றது. அடுத்த வருடமே வெப்பக் குழாயை, அதாவது பிராசஸரின் சூட்டை உள்ளிருக்கும் திரவம் ஆவியாகிச் சுமந்து போகும் செப்புக் குழாயை, குட்டிப் பெட்டிக்குள் கொண்டுவந்தது. சூட்டை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் சத்தமில்லாமல் 'டிரான்ஸ்ஃபர்' செய்வது. வங்கிக்காரனுக்கு உடனே புரிந்தது :-)

2003-இல் ஏ.எம்.டி., வேலை இல்லாதபோது பிராசஸரின் வேகத்தையும் மின் அழுத்தத்தையும் குறைக்கும் வசதியை மேசைக் கணினிக்குக் கொண்டுவந்தது. அதற்கு வைத்த பெயரே 'கூல் அண்ட் கொயட்'. 2004 மே மாதம் இன்டெல், பிரெஸ்காட்டுக்கு அடுத்து வரவேண்டிய 'தேஜஸ்' திட்டத்தையே கைவிட்டது. வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும் பாதை வெப்பச் சுவரில் முட்டிவிட்டது. 2006-இல் வந்த கோர் 2 டுவோ 65 வாட்தான், ஆனால் பழைய 115 வாட்டுக்காரரை வேலையில் தோற்கடித்தது. 2008-இல் இன்டெல்லின் எக்ஸ்25-எம் வந்ததோடு எஸ்.எஸ்.டி. வீட்டுக் கணினிக்கும் எட்டும் பொருளாகத் தொடங்கி, ஹார்டு டிஸ்க்கின் கடகடப்பு ஓயத் தொடங்கியது. 2014-இல் ஜிஃபோர்ஸ் ஜி.டி.எக்ஸ். 750 டி.ஐ. வந்தது. 60 வாட், தனி மின் இணைப்பே வேண்டாம், ஸ்லாட்டில் செருகினால் போதும். சின்னப் பெட்டிக்காரர்களுக்கு அது ஒரு தீபாவளி.

நடுவில் ஒரு பாடமும் உண்டு. 2005-இல் வந்த எக்ஸ்பாக்ஸ் 360 சூடேறுவதும் ஆறுவதுமாக மாறி மாறி இயங்கியதில் உள்ளே இணைப்புகள் விரிசல் விட்டன. பெட்டியில் சிவப்பு விளக்கு எரியும், பிறகு வேலை செய்யாது. 2007 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் உத்தரவாதத்தை மூன்று வருடமாக நீட்டி, அதற்காக 100 கோடி டாலருக்கும் மேலே செலவுக் கணக்கில் எழுதியது. வெப்பத்தைச் சின்னப் பெட்டிக்குள் பூட்டி வைத்தால் பேரேட்டில் எவ்வளவு பெரிய ஓட்டை விழும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

சரி, எதை வாங்குவது?

பையன்கள் கடைக்குப் போனால் முதலில் கிராபிக்ஸ் கார்டைத்தான் கேட்பார்கள். மேற்படி சரித்திரம் சொல்வது வேறு. முதலில் எத்தனை வாட் என்று முடிவு செய்யுங்கள். பட்ஜெட் போடாமல் கல்யாணச் செலவில் இறங்குவோமா? அது மாதிரிதான்.

1. வாட் வரம்பு: பிராசஸர் 65 வாட்டுக்குள். கிராபிக்ஸ் தனியாக வேண்டுமென்றால் 70-லிருந்து 115 வாட்டுக்குள். இதற்கு மேலும் சின்னப் பெட்டியில் அடக்கலாம். ஆனால் சத்தமும் செலவும் கூடவே ஏறும். 450 வாட் குடிக்கும் ஆர்.டி.எக்ஸ். 4090 (2022) போன்றவை ஹாலுக்கான பிரஜைகள் இல்லை.

2. பிராசஸர்: தொடக்கத்துக்கு உள்ளேயே கிராபிக்ஸ் உள்ளவை போதும். ஏ.எம்.டி.யின் ரைசன் 5 5600ஜி (2021), ரைசன் 7 8700ஜி (2024) இரண்டும் 65 வாட். கிரிக்கெட், கால்பந்து, கொஞ்சம் பழைய பந்தய விளையாட்டுகள் ஓடும். 8700ஜி-யில் புதிய விளையாட்டுகளையும் தரத்தைக் குறைத்து ஓட்டலாம். இந்த வகைக்கு ராம் ஒற்றைக் குச்சியாக வாங்கவே கூடாது, ஜோடியாகத்தான் வாங்க வேண்டும். கிராபிக்ஸும் அதே நினைவகத்தைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது.

3. கிராபிக்ஸ் கார்டு: தேவைப்பட்டால் பிறகு சேர்க்கலாம். ஆர்.டி.எக்ஸ். 3050 6 ஜி.பி. (2024) 70 வாட், தனி மின் இணைப்பு தேவையில்லை. ஆர்.டி.எக்ஸ். 4060 (2023) 115 வாட். வாங்குமுன் கார்டின் நீளத்தையும் கேபினெட் இடம் கொடுக்கும் நீளத்தையும் டேப் வைத்து ஒப்பிடுங்கள்.

4. விசிறி: இதில்தான் பலர் கஞ்சத்தனம் காட்டுகிறார்கள். விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்று பாதியாகிறது, ஆனால் சத்தம் ஏறக்குறைய 15 டெசிபல் இறங்குகிறது. 10 டெசிபல் இறங்கினாலே நம் காதுக்குச் சத்தம் பாதியானது போல இருக்கும். எனவே சின்ன விசிறி வேகமாகச் சுற்றுவதைவிடப் பெரிய விசிறி மெதுவாகச் சுற்றுவதே மேல். 12 செ.மீ. விசிறியின் பரப்பு 8 செ.மீ. விசிறியைப் போல் இரண்டேகால் மடங்கு. ஆஸ்திரியாவின் நாக்டுவா 2005-லிருந்து இந்தத் தத்துவத்தை வைத்தே கடை நடத்துகிறது. அதன் காப்பிப்பொடி நிறத்தைப் பார்த்துத் தங்கமணி முகம் சுளித்தாலும் காது நன்றி சொல்லும். கருப்பிலும் கிடைக்கிறது.

5. பவர் சப்ளை: கேபினெட்டோடு 'சேர்த்து' வரும் எஸ்.எம்.பி.எஸ்.ஸை நன்றியோடு திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 80 பிளஸ் சான்றிதழ் (2004-இல் தொடங்கியது) உள்ளதாக, எஸ்.எஃப்.எக்ஸ். அளவில் வாங்குங்கள். திறன் குறைந்த பவர் சப்ளை வீணாக்கும் மின்சாரமும் வெப்பம்தான், அதற்கும் வட்டி உண்டு. சுமை குறைவாக இருக்கும்போது விசிறியை நிறுத்திவிடும் மாடல்கள் ஹாலுக்கு ஏற்றவை.

6. சேமிப்பு: எம்.2 எஸ்.எஸ்.டி. மட்டும். சுற்றுகிற டிஸ்க் எதுவும் ஹாலில் வேண்டாம்.

7. கேபினெட்: மினி-ஐ.டி.எக்ஸ். போர்டுக்கானது. மிகச் சின்னதற்கு ஆசைப்பட வேண்டாம். 7 லிட்டர் பெட்டிக்குள்ளும் அடக்குகிறார்கள், ஆனால் அங்கே பெரிய விசிறிக்கு இடமில்லை. 15 முதல் 18 லிட்டர் வரை இருந்தால் 12 செ.மீ. விசிறிகள் வசதியாக உட்காரும். தூசு வடிகட்டி கழற்றிக் கழுவக்கூடியதாக இருக்கட்டும்.

8. யு.பி.எஸ்.: நம் ஊரில் இதை மறந்துவிட்டு அமெரிக்கக் கட்டுரைகளைப் படித்துப் பிரயோஜனமில்லை. பொதுவாக 600 வி.ஏ. என்று போட்டிருப்பது 360 வாட்தான் தாங்கும். வாட் வரம்பைக் கட்டுக்குள் வைத்திருந்தால் அது போதும். பெரிய யு.பி.எஸ். என்றால் அதற்குள்ளும் ஒரு விசிறி. கதை மறுபடி முதலிலிருந்து.

வைக்கும் இடமும் ஒரு பாகம்தான். கண்ணாடிக் கதவு போட்ட டிவி ஸ்டாண்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்தினால், அது கணினி இல்லை, இட்லிப் பானை. பின்னால் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். உள்ளே இருக்கும் வெப்பநிலை எப்போதும் அறை வெப்பநிலைக்கு மேலேதான். மைசூரில் தை மாதத்தில் அமைதியாக ஓடும் பெட்டி, சென்னைச் சித்திரையில் அதே வேலைக்குப் பத்து டிகிரிக்கு மேல் கூடுதல் சூட்டில் தொடங்குகிறது. மாற்றலாகிப் போகிறவர்கள் இதையும் கணக்கில் வையுங்கள்.

வரியும் விலையும்

வணிகவியல்காரன் இதைச் சொல்லாமல் போக முடியாது. 2023 ஆகஸ்ட் 3-ஆம் தேதி மத்திய அரசு லேப்டாப், டேப்லெட்டோடு 'மிகச் சிறிய வடிவக் கணினி'களையும் சேர்த்து இறக்குமதிக்கு உரிமம் வேண்டும் என்று அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் நவம்பர் 1 வரை தள்ளிப்போட்டு, பிறகு இணைய வழியில் அனுமதி பெறும் முறையாக மாற்றியது. அந்த அறிவிப்பு முழுமையான கணினிகளுக்கானது, உதிரிப் பாகங்களுக்கு இல்லை. பாகங்களாக வாங்கிச் சேர்ப்பவர்களுக்கு அந்த வாரம் ஒரு நிம்மதி.

டிவியில் விளையாடுகிறவர்களுக்கு இன்னொரு நல்ல சேதி: 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவி, மானிட்டர்களுக்கு இருந்த 28 சதவீத ஜி.எஸ்.டி., 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆனது. கெட்ட சேதி: அதே வருடக் கடைசியில், ஏ.ஐ. தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை வாரிக்கொண்டதில் ராம் விலை எகிறியது. டிசம்பரில் மைக்ரான் நிறுவனம் 'குருஷியல்' என்ற தன் சில்லறை விற்பனைப் பெயரையே மூடப்போவதாக அறிவித்தது. அதனால்தான் இந்தப் பதிவில் நான் விலைப் பட்டியல் போடவில்லை. போட்டால் அடுத்த மாதமே பொய்யாகும்.

உள்ளூர்ப் பெருமை ஒன்று. மைசூரிலிருந்து தெற்கே நஞ்சன்கூட்டில் ஆஸ்திரியாவின் ஏ.டி. அண்ட் எஸ். நிறுவனம் 1999-லிருந்து சர்க்யூட் போர்டு தயாரிக்கிறது. 1988-இல் மைசூரில் தொடங்கிய கெய்ன்ஸ் டெக்னாலஜி, 2022 நவம்பரில் பங்குச் சந்தைக்கே வந்துவிட்டது. இவர்களுடைய வேலை பெரும்பாலும் வாகனம், தொழிற்சாலை போன்ற துறைகளுக்கு. நம் மதர்போர்டு இன்னும் சீனா, தைவான் பக்கத்திலிருந்துதான் வருகிறது. ஆனாலும் ஸ்பெக்ட்ரத்துக்கு உரிமம் வாங்கிக்கொண்டிருந்த நாட்டில் இது நல்ல முன்னேற்றம்.

கடைசியாக

பெரிய நிறுவனங்களும் இப்போது இதே இடத்துக்குத்தான் வருகின்றன. வால்வ் நிறுவனம் 2015-இல் 'ஸ்டீம் மெஷின்' என்ற பெயரில் ஹால் கணினிகளைக் கொண்டுவந்து எடுபடாமல் போனது. 2022-இல் கையடக்க ஸ்டீம் டெக், 15 வாட்டுக்குள் வேலை செய்யும் பிராசஸரோடு வந்து ஜெயித்தது. 2025 நவம்பரில், பக்கத்துக்குச் சுமார் 16 செ.மீ. உள்ள கனசதுரமாகப் புதிய ஸ்டீம் மெஷினை அறிவித்தார்கள். உள்ளே ஒரே ஒரு பெரிய விசிறி, அதைச் சுற்றித்தான் மற்றதெல்லாம். அவர்களும் வெப்பத்திலிருந்துதான் தொடங்கியிருக்கிறார்கள்.

எங்கள் வீட்டில் முடிவானது 65 வாட் பிராசஸர், தனி கார்டு இப்போதைக்கு இல்லை, 12 செ.மீ. விசிறிகள் இரண்டு. பையன் முகம் கொஞ்சம் தொங்கியது. "கார்டுக்கு ஸ்லாட் காலியா இருக்குடா, பத்தாவது ரிசல்ட் வரட்டும்" என்று சொல்லி வைத்திருக்கிறேன். இது லஞ்சமா ஊக்கத்தொகையா என்பதில் எனக்கும் தங்கமணிக்கும் கருத்து வேறுபாடு.

வாங்கப் போகும் நண்பர்களுக்கு ஒரே ஒரு யோசனை. கடையில் வேக அளவைக் காட்டினால் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் வீட்டில் சோதிக்க வேண்டியது வேறு. இரவு ஒன்பது மணிக்கு ஃபேனை அணைத்துவிட்டு, கணினியில் கனமான விளையாட்டு ஒன்றை அரை மணி நேரம் ஓட விடுங்கள். வீட்டிலேயே மெதுவாகப் பேசுகிறவரை ஹாலின் அந்தக் கோடியில் உட்காரவைத்து ஏதாவது கேட்கச் சொல்லுங்கள். அவர் குரலை உயர்த்தாமலே உங்கள் பிள்ளைக்குக் காதில் விழுந்தால், நீங்கள் வாங்கியது சரியான பெட்டி. பிள்ளை பதில் சொல்லுமா என்பதற்கு எந்த நிறுவனமும் உத்தரவாதம் தருவதில்லை, அது நம் பாடு.